மோதும்போது உராய்வு இருந்தால் உந்தம் மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். மோதல் பாடம் வந்தாலே உராய்வைப் பற்றி ஒரே சந்தேகங்கள் வருஷா வருஷம் வரும். தமிழ் மீடியத்தில் படித்து வந்த பிள்ளையும் கேட்கும், மலையாள மீடியத்தில் படித்து வந்ததும் கேட்கும். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கணக்குகளில் புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்திருக்கிறேன்.

உந்தம்னா என்ன டீச்சர்? வேகம்னு சொன்னா போதாதா?

போதாது. வாளையார் செக்போஸ்டில் நெல் ஏற்றிய லாரியும் ஒரு ஸ்கூட்டரும் ஒரே வேகத்தில் ஊர்ந்து வந்தாலும், லாரியை நிறுத்துவதற்கு வேண்டிய முயற்சி வேறு. நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பதுதான் உந்தம். அதற்குத் திசை உண்டு. வலப்பக்கம் போவதைக் கூட்டல் என்று வைத்தால் இடப்பக்கம் வருவது கழித்தல். இந்தக் குறியை விட்டுவிடுவதால்தான் பாதி மதிப்பெண் போகிறது.

உந்தம் மாறாதுன்னா எப்பவுமே மாறாதா?

ஒரு பொருளின் உந்தம் தாராளமாக மாறும். மாறாதது, நாம் ஒரு கூட்டமாக எடுத்துக்கொண்ட பொருள்களின் மொத்த உந்தம். அதுவும் வெளியிலிருந்து அந்தக் கூட்டத்தின் மேல் விழும் விசைகளின் கூட்டுத்தொகை சுழியாக இருந்தால் மட்டும். உள்ளுக்குள் ஒன்றை ஒன்று தள்ளும் விசைகள் எப்போதும் சமமாகவும் எதிரெதிராகவும் ஜோடியாக வருவதால் மொத்தத்தில் ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே எந்தக் கணக்கிலும் முதல் வேலை, எதெல்லாம் கூட்டத்துக்குள், எது வெளியே என்று பென்சிலால் ஒரு வட்டம் போடுவது. கீழே வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இந்த வட்டத்தைப் போடாமல் தொடங்கியதால் வந்தவை.

தரையில உராய்வு இருக்கே, அது புறவிசைதானே? அப்போ விதி அங்கேயே செல்லாதுல்ல?

நல்ல கேள்வி. தரை வட்டத்துக்கு வெளியே இருக்கிறது, உராய்வு புறவிசைதான். கறாராகச் சொன்னால் மொத்த உந்தம் மாறத்தான் செய்கிறது. ஆனால் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். உந்தத்தை மாற்றுவது விசை மட்டுமல்ல, விசையும் அது நீடித்த நேரமும் சேர்ந்த பெருக்கல். அதற்குக் கணத்தாக்கு என்று பெயர்.

தரை உராய்வுக்கு ஒரு வரம்பு உண்டு: உராய்வுக் குணகத்தையும் (பரப்பு எவ்வளவு சொரசொரப்பு என்று சொல்லும் எண்) தரை மேல்நோக்கித் தரும் செங்குத்து விசையையும் பெருக்கினால் வருவதைத் தாண்டாது. மோதும் விசைக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. தொடும் நேரம் குறையக் குறைய அது ஏறிக்கொண்டே போகும். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் மோதலில் வரம்புள்ள உராய்வுக்கு வேலை செய்ய நேரமே கிடைப்பதில்லை. அதனால் மோதலுக்கு ஒரு நொடித்துளி முன்பும் ஒரு நொடித்துளி பின்பும் எடுத்தால் மொத்த உந்தம் ஏறத்தாழ ஒன்றே.

"ஏறத்தாழ"ன்னு சொல்லித் தப்பிக்கிறீங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க.

சொல்கிறேன். வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) கேரம் போர்டு இருக்கிறதே, அதையே எடுப்போம். விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. காயின் 5 கிராம் சொச்சம். ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் வந்து, நிற்கிற காயினை நேராக அடிக்கிறது. வந்த உந்தம் 0.015 × 2, அதாவது 0.03 கிலோகிராம்·மீட்டர்/வினாடி.

பலகையின் உராய்வுக் குணகம் 0.2 என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து 20 கிராம், ஆக உராய்வு விசை 0.2 × 0.02 × 10 = 0.04 நியூட்டன். தொடும் நேரம் ஆயிரத்தில் ஒரு வினாடி என்று தாராளமாகவே எடுத்தாலும் உராய்வின் கணத்தாக்கு 0.00004. வந்த 0.03-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. பவுடர் போட்டால் இன்னும் குறையும். பவுடரே போடாத சொரசொரப்பான பலகையில் குணகம் இரண்டு மடங்கானாலும் ஆயிரத்தில் மூன்றைத் தொடாது.

ஆனா காயின் கொஞ்ச தூரம் போய் நின்னுடுது. அந்த உந்தம் எங்கே போச்சு?

பலகைக்குப் போனது. பலகையிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து பூமிக்கு. காயினைப் பலகை பின்னோக்கி இழுக்கும்போது காயின் பலகையை முன்னோக்கி அதே அளவு இழுக்கிறது. மோதல் முடிந்த பிறகு உராய்வுக்கு ஒரு வினாடி, இரண்டு வினாடி என்று நேரம் கிடைக்கிறது. மோதும்போது ஒன்றுமில்லாமல் இருந்த அதே 0.04 நியூட்டன் இப்போது எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது.

பூமியையும் வட்டத்துக்குள் சேர்த்தால் உந்தம் எங்கேயும் தொலையவில்லை. பூமி நகர்வதை நாம் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதன் நிறை ஏறத்தாழ 6-க்குப் பின் 24 சுழியம் போட்ட கிலோ.

இதையெல்லாம் யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா, இல்ல சும்மா எழுதினதா?

சோதித்தார்கள், உராய்வை ஒழிக்கவே மெனக்கெட்டார்கள். 1644-இல் பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட் "இயக்கத்தின் அளவு மாறாது" என்று எழுதினார். அவர் திசையைக் கணக்கில் சேர்க்காததால் அவருடைய மோதல் விதிகள் பெரும்பாலும் தவறாயின. 1668-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் கேட்டுக்கொண்டதன் பேரில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் மூவரும் மோதல் விதிகளைச் சரியாக எழுதிக் கொடுத்தார்கள்.

1687-இல் வெளிவந்த தம் பிரின்சிபியா நூலில் நியூட்டன், கயிற்றில் தொங்கும் குண்டுகளை மோதவிட்ட சோதனைகளை விவரிக்கிறார். தொங்கும் குண்டுக்குத் தரை இல்லை, தரை உராய்வும் இல்லை. மீதி இருக்கும் காற்றின் தடையையும் அளந்து கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்த்தார். இறுக்கிச் சுற்றிய கம்பளி உருண்டைகள் மோதிய வேகத்தில் 9-க்கு 5 பங்கு வேகத்தில்தான் விலகின, கண்ணாடி உருண்டைகள் 16-க்கு 15. துள்ளல் இப்படிப் பொருளுக்குப் பொருள் மாறினாலும் மொத்த உந்தம் மாறவில்லை. எனக்கு மிகப் பிடித்த பகுதி அது. உராய்வு இருக்கிறதே என்று நம் பிள்ளைகள் படும் அதே கவலையை நியூட்டனும் பட்டிருக்கிறார்.

கணக்குல உராய்வுக் குணகமும் குடுத்திருக்காங்க, மோதலும் இருக்கு. எதை முதல்ல போடணும்?

மோதலுக்கு முன், மோதல், மோதலுக்குப் பின் என்று மூன்றாக வெட்டுங்கள். முன்னும் பின்னும் உராய்வு ஆட்சி செய்யும். நடுத்துண்டில் உந்த விதி ஆட்சி செய்யும்.

ஒரு கணக்கு. 1000 கிலோ கார், ரோட்டில் நிற்கிற 1500 கிலோ ஜீப்பின் பின்னால் மோதுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு 10 மீட்டர் வழுக்கிப் போய் நிற்கின்றன. குணகம் 0.5. கார் என்ன வேகத்தில் வந்தது? கடைசித் துண்டிலிருந்து பின்னோக்கி வாருங்கள். எதிர்முடுக்கம் 0.5 × 10 = 5. வழுக்கத் தொடங்கிய வேகத்தின் வர்க்கம் 2 × 5 × 10 = 100, ஆக வேகம் வினாடிக்கு 10 மீட்டர். இப்போது நடுத்துண்டு: 2500 × 10 = 25000. அது முழுவதும் கார் கொண்டுவந்தது. 25000-ஐ 1000-ஆல் வகுத்தால் வினாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். ரோட்டில் பதிந்த டயர் தடத்தை அளந்து வேகத்தைக் கண்டுபிடிப்பது இந்த வழியில்தான்.

அதுக்கு எதுக்கு மூணு துண்டு? காரோட இயக்க ஆற்றல் முழுக்க உராய்வுல போச்சுன்னு ஒரே வரியில முடிச்சுடலாமே?

முடிக்கலாம், விடை தப்பாக வரும். அப்படிப் போட்டால் காரின் வேகம் வினாடிக்கு 15.8 மீட்டர், மணிக்கு 57 கிலோமீட்டர்தான் கிடைக்கும். 90-இல் வந்தவர் 57-இல் வந்ததாகச் சொல்லித் தப்பித்துவிடுவார்.

எங்கே தவறு? ஒட்டிக்கொள்ளும் மோதலில் இயக்க ஆற்றல் பெருமளவு தகடு நசுங்குவதிலும் சூட்டிலும் சத்தத்திலும் போய்விடுகிறது. கார் கொண்டுவந்தது 312500 ஜூல். மோதி முடித்ததும் மிஞ்சியது 125000 ஜூல். 60 சதவீதம் மோதலிலேயே காலி, ரோட்டின் உராய்வுக்குக் கிடைத்தது மிச்சம் 40. உந்தம் தப்பித்தது, ஆற்றல் தப்பிக்கவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாத பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பயமே வேண்டாம்.

கார் மோதல் கேரம் மாதிரி ஆயிரத்துல ஒரு வினாடியில முடியுமா?

முடியாது. கார் நசுங்கி முடிய ஏறத்தாழ 0.1 வினாடி ஆகும். அதனால் இங்கே உராய்வைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளக்கூடாது. எல்லாச் சக்கரமும் பிரேக்கில் பூட்டிக்கொண்டது என்று அதிகபட்சமாகவே எடுத்தால், உராய்வு விசை 0.5 × 2500 × 10 = 12500 நியூட்டன். அதை 0.1-ஆல் பெருக்கினால் கணத்தாக்கு 1250. இதையும் சேர்த்தால் கார் கொண்டுவந்த உந்தம் 26250, வேகம் மணிக்கு 94.5 கிலோமீட்டர். 5 சதவீதம் வித்தியாசம்.

பரீட்சைக்கு 90 போதும். யார் மேல் தப்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில் 5 சதவீதத்தையும் எழுதத்தான் வேண்டும்.

மோதுற ரெண்டு பொருளுக்கு நடுவுலயே உராய்வு இருந்தா?

கவலையே வேண்டாம், அது வட்டத்துக்குள் இருக்கிற விசை. மரக்கட்டைக்குள் துப்பாக்கிக் குண்டு துளைத்துக்கொண்டு போகும்போது குண்டுக்கும் மரத்துக்கும் இடையில் பயங்கரமான உராய்வு. ஆனாலும் குண்டு, கட்டை இரண்டின் மொத்த உந்தம் மாறாது. உராய்வு இங்கே ஆற்றலை மட்டும்தான் தின்கிறது.

நேரம் நீண்டாலும் இது பொருந்தும். வழுவழுப்பான தரையில் 4 கிலோ பலகை கிடக்கிறது. அதன்மேல் 2 கிலோ கட்டை வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஏறி வழுக்குகிறது, இடையில் குணகம் 0.4. கடைசியில் இரண்டும் ஒன்றாக வினாடிக்கு 2 மீட்டரில் போகும், ஏனென்றால் 12 உந்தத்தை 6 கிலோ பகிர்ந்துகொள்கிறது. ஆற்றல் 36 ஜூலிலிருந்து 12-க்கு இறங்கும். போன 24 ஜூலை உராய்வு விசை 8 நியூட்டனால் வகுத்தால், கட்டை பலகைமேல் வழுக்கிய தூரம் 3 மீட்டர் என்று வந்துவிடும்.

அதே பலகைக்கு அடியிலயும் தரை சொரசொரன்னு இருந்தா?

இங்கேதான் நுழைவுத் தேர்வில் வலை விரிக்கிறார்கள். கட்டை பலகையை முன்னோக்கி இழுக்கும் விசை 8 நியூட்டன், அதற்கு மேல் இல்லை. தரையின் மேல் மொத்த எடை 60 நியூட்டன். தரையின் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் (பொருள் நகரத் தொடங்குவதற்கு முன் உள்ள உராய்வுக்கானது) 0.14 இருந்தாலே வரம்பு 8.4 நியூட்டன், பலகை அசையவே அசையாது. கட்டை வழுக்கி நின்றுவிடும். 12 உந்தமும் பூமிக்கு.

மோதும் கணத்தில் உராய்வை விட்டுவிடலாம் என்று மூன்றாவது கேள்வியில் சொன்ன சலுகை இங்கே ஏன் இல்லை? இங்கே அடி இல்லை, இழுவைதான் இருக்கிறது. உள்விசையும் உராய்வு, புறவிசையும் உராய்வு, இரண்டும் ஒரே அளவில் ஒரே நேரம் வேலை செய்கின்றன. உள்விசை புறவிசையைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தால்தான் சலுகை.

டென்னிஸ் பந்து அலமாரியில பட்டுத் திரும்புது, அலமாரி அசையல. மோதல்தானே அது, உந்தம் மாறக்கூடாதே?

பந்தும் அலமாரியும் சேர்ந்த உந்தம் மாறிவிட்டது, சந்தேகமே இல்லை. 58 கிராம் பந்து வினாடிக்கு 10 மீட்டரில் வந்து 7 மீட்டரில் திரும்பினால் உந்த மாற்றம் ஏறத்தாழ 1. தொடும் நேரம் 0.005 வினாடி என்றால் சராசரி விசை 200 நியூட்டன், உச்சத்தில் 300 அளவுக்குப் போகலாம். புத்தகம் அடுக்கிய 100 கிலோ அலமாரிக்குக் குணகம் 0.5 என்றால் தரை 500 நியூட்டன் வரை பிடித்துக்கொள்ளும். பந்து எவ்வளவு தள்ளினாலும் தரை அந்தந்தக் கணத்தில் அதே அளவு திருப்பித் தள்ளுகிறது.

அதே அலமாரியில் அதே உந்தத்தோடு ஓர் இரும்புக் குண்டு பட்டால் தொடும் நேரம் மிகக் குறைவு, உச்ச விசை பல ஆயிரம் நியூட்டனைத் தாண்டிவிடும். அப்போது ஓய்வுநிலை உராய்வு தோற்கும், அலமாரி மயிரிழை நகரும். ஆக, வெறும் நேரத்தை மட்டும் பார்க்காமல், மோதல் விசை உராய்வின் வரம்பைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள்.

நேரம் ரொம்பக் குறைவா இருந்தும் உராய்வு ஜெயிக்கிற இடம் இருக்கா?

இருக்கிறது, மிக முக்கியமான இடம். கொய்த்து (அறுவடை) முடிந்து நெல் மூட்டை இறக்குவதைப் பாருங்கள். மெதுவாக நகரும் வண்டியிலிருந்து 50 கிலோ மூட்டை தரையில் விழுகிறது. விழும்போது கீழ்நோக்கி வினாடிக்கு 3 மீட்டர், முன்னோக்கி 2 மீட்டர். மூட்டை துள்ளாது, பொத்தென்று உட்காரும்.

கீழ்நோக்கிய 150 உந்தத்தைத் தரை ஒரு நொடிப்பொழுதில் நிறுத்த வேண்டும். அதற்குத் தரை தரும் செங்குத்து விசை மூட்டையின் எடையைவிடப் பல மடங்கு பெரிது. உராய்வின் வரம்பு அந்தச் செங்குத்து விசையைப் பொறுத்தது என்று மேலே சொன்னேன் அல்லவா? அது ஏறினால் இதுவும் கூடவே ஏறும். குணகம் 0.5 என்றால் உராய்வின் கணத்தாக்கு 0.5 × 150 = 75. முன்னோக்கிய உந்தம் 100, அதில் 75 விழுந்த கணத்திலேயே போய், மூட்டை வினாடிக்கு அரை மீட்டரில்தான் வழுக்கும். மோதல் நேரத்தை எவ்வளவு குறைத்தாலும் இந்த 75 குறையாது, ஏனென்றால் நேரம் குறைந்தால் விசை கூடும், பெருக்கல் அப்படியே நிற்கும்.

சாய்வாகத் தரையில் மோதும் எதிலும் இதைக் கவனிக்க வேண்டும். "மோதல் நேரம் குறைவு, உராய்வைப் புறக்கணி" என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் இந்தக் கணக்கில்தான் விழுகிறார்கள். தரைக்கு இணையாக நடக்கும் மோதலுக்குத்தான் அந்த வரி.

உராய்வு நிறைய நேரம் இருந்தும் மொத்த உந்தம் மாறாம இருக்குமா?

இருக்கும். சொரசொரப்பான தரையில் சமமான இரண்டு கட்டைகளுக்கு நடுவே சுருள்வில்லை அமுக்கி வைத்து விடுங்கள். ஒன்று வலம், ஒன்று இடம் வழுக்கும். உராய்வு ஒன்றை இடப்பக்கம் இழுக்கும், மற்றதை வலப்பக்கம், அதே அளவில். புறவிசை இரண்டு இருக்கிறது, கூட்டுத்தொகை சுழி. நிற்கும்வரை மொத்த உந்தம் சுழியாகவே இருக்கும். இரண்டாவது பதிலில் "விசைகளின் கூட்டுத்தொகை" என்று எழுதியது இதற்காகத்தான்.

கோலி குண்டு இன்னொன்ன நேரா அடிச்சா அடிச்சது நின்னுடணும்ல? ஆனா அது நின்ன மாதிரி நின்னு மறுபடி உருளுது.

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். உருண்டு வரும் குண்டுக்கு நகர்வு மட்டுமல்ல, சுழற்சியும் உண்டு. சமமான குண்டை நேராக, முழு மீட்சியோடு (இயக்க ஆற்றல் இழக்காமல்) மோதினால் நகர்வு முழுவதையும் கொடுத்துவிடும், சுழற்சியைக் கொடுக்காது. நின்ற இடத்திலேயே அது சுழல்கிறது. அடிப்பாகம் தரையைப் பின்னோக்கித் தேய்க்க, தரை அதை முன்னோக்கித் தள்ளுகிறது. வழுக்கல் நின்று சரியாக உருளும்போது அதன் வேகம், வந்த வேகத்தில் 7-இல் 2 பங்கு. அடிபட்ட குண்டுக்குத் தலைகீழ்: நகர்வு இருக்கிறது, சுழற்சி இல்லை. தரை அதைப் பின்னோக்கி இழுத்துச் சுழல வைக்கும். கடைசியில் அதற்கு 7-இல் 5 பங்கு.

இரண்டையும் கூட்டுங்கள், 7-இல் 7. வந்த உந்தம் முழுவதும் அப்படியே இருக்கிறது! தற்செயல் இல்லை. ஒன்றை முன்னே தள்ளும் உராய்வும் மற்றதைப் பின்னே இழுக்கும் உராய்வும் ஒரே அளவு, ஒரே நேரம் நீடித்து ஒரே கணத்தில் நிற்கின்றன. போன கேள்வியில் பார்த்த சுருள்வில் கட்டைகளின் கதைதான் இதுவும். மோதல் முழு மீட்சியாக இல்லாவிட்டால் 2, 5 என்ற பங்குகள் மாறும், கூட்டுத்தொகை மாறாது.

குண்டும் குண்டும் தொடும் இடத்திலும் சுழற்சி உரசும். நெல் மூட்டைக் கணக்கில் வந்ததுபோல அந்த உரசலும் மோதல் விசையோடு சேர்ந்து ஏறும் வகை. அது அடித்த குண்டை மேலே தூக்கப் பார்க்கும், அடிபட்டதைத் தரையோடு அமுக்கும். கண்ணாடி வழுவழுப்பு என்பதால் அதை விட்டிருக்கிறேன். மண் ஒட்டிய கோலியில் செய்து பார்த்தால் அடித்த குண்டு லேசாகத் துள்ளுவதும் தெரியலாம். சிமெண்ட் தரையில், துடைத்த கோலிகளை வைத்துச் செய்யுங்கள்.